வாசகர் கேள்வி பதில்: சமரசப் பேச்சுக்கு முந்தைய வாரம்

சிங்கப்பூரில் சமரசப் பேச்சுக்கு எப்படித் தயாராவது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். தொண்டூழிய மத்தியஸ்தராகப் பல ஆண்டுகள் இருந்தவள் என்பதால், நான் பார்த்த வழக்குகளில் ஒன்றையாவது சொல்லும்படி சிலர் கேட்டிருக்கிறார்கள். அதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. அந்த அறையில் பேசப்பட்டது அங்கேயே நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் மனிதர்கள் அங்கே வாய் திறக்கிறார்கள். எடுத்துக்காட்டு தேவைப்பட்ட ஓர் இடத்தில் என் சொந்தக் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, நாங்கள் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒன்பதாம் மாடியில் குடியிருக்கிறோம். எட்டாம் மாடியில் இருக்கும் முதியவர், நாங்கள் இரவில் ஏதோ இயந்திரத்தால் தரையைத் துளையிடுவதாகப் புகார் கொடுத்திருக்கிறார். நான் வேலை முடிந்து வீடு திரும்ப எட்டரை ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள், சமையலெல்லாம் முடித்துப் பத்தரை மணிக்கு மேல் கிரைண்டரில் இட்லி மாவு அரைப்பேன், அவ்வளவுதான். இப்போது சமூக சமரச நிலையத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. "தப்பு செய்யாத நாம் ஏன் போக வேண்டும்?" என்கிறார் என் கணவர். போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடாதா? போவதென்றால் என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: போங்கள். உங்கள் கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். சமூக சமரச நிலையம் நீதிமன்றம் அன்று. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சட்ட அமைச்சின் பொறுப்பில், 1998 முதல் இயங்கிவரும் இடம் அது. அங்கே உட்கார்ந்திருக்கும் மத்தியஸ்தர் உங்களைப் போல் வேறு வேலை பார்த்துக்கொண்டு தொண்டூழியம் செய்ய வருபவர். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. நீங்கள் அங்கே பேசுவதைப் பின்னர் ஒரு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகக் கொண்டுவர முடியாதபடி அந்தச் சட்டமே காப்பளிக்கிறது. எனவே போவது ஒப்புக்கொள்வதாகாது. போகாவிட்டால், கீழ் வீட்டுக்காரர் அரசு நீதிமன்றங்களில் உள்ள சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றத்தை நாடலாம். 2015 அக்டோபரிலிருந்து இயங்கும் அந்த மன்றத்துக்கு, ஒரு செயலை நிறுத்தும்படி ஆணையிடவும் 20,000 வெள்ளி வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரம் உண்டு. அங்கே போய் நிற்பதைவிட இங்கே உட்கார்ந்து பேசுவது இரு வீட்டாருக்கும் எவ்வளவோ மேல்.

இனித் தயாரிப்புக்கு வருகிறேன். அடுத்த முறை மாவு அரைக்கும்போது, கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கையில், அதிலிருந்து நான்கு அடி தள்ளிச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை ஓட்டின் மீது வைத்துப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போது காதுக்குப் பழகிப்போன ஒரு மெல்லிய உறுமலாக இருப்பது, கையில் விடாத அதிர்வாகத் தெரியும். அந்தத் தரைதான் அவர் வீட்டுக் கூரை. ஓசை காற்றில் போவதைவிடக் கான்கிரீட்டில் நன்றாகப் பயணம் செய்யும். தரையில் வைத்த கல் கிரைண்டர் முக்கால் மணி நேரம் ஓடினால், கீழே படுத்திருப்பவருக்கு அது துளைக் கருவி போல் கேட்பதில் வியப்பில்லை. அவர் பொய் சொல்கிறார் என்ற எண்ணத்தோடு அந்த அறைக்குள் நுழைவதற்கும், அவர் கேட்டது உண்மை, பெயர்தான் தவறு என்ற எண்ணத்தோடு நுழைவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அக்கம்பக்கத்தாரை அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்ளும் நேரம் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை. அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கலாம் என்று சமூக ஆலோசனைக் குழு ஒன்று 2022இல் பரிந்துரைத்தது. எப்படிக் கணக்குப் போட்டாலும் உங்கள் மாவு அரைக்கும் நேரம் அதற்குள் விழுகிறது. ஆகவே "அவ்வளவுதான்" என்ற சொல்லை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அதே சமயம், அவர் கேட்கும் ஒவ்வோர் ஓசைக்கும் நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள். அடுக்குமாடிக் கட்டடத்தில் பக்கத்து வரிசை வீட்டில் எழும் தட்டலும் தலைக்கு மேலிருந்து வருவதுபோல் கேட்கும். நீர்க்குழாயில் அழுத்தம் மாறும்போது கோலிக்குண்டு உருளுவது போன்ற ஓசை வருவதுண்டு. எனவே இன்றிலிருந்து பேச்சு நாள் வரை, நீங்கள் அரைத்த நாள்களையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். அவரும் பெரும்பாலும் ஒரு குறிப்பேட்டோடு வருவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது உங்களுடையது, எது உங்களுடையதல்ல என்பது தானே விளங்கும்; அதன் பிறகு பேச வேண்டிய விஷயம் பாதியாகக் குறைந்துவிடும்.

நீங்கள் எதைத் தர முடியும் என்பதைக் கணவரோடு பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். கிரைண்டருக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பு போடுவது, சனிக்கிழமை காலையில் ஒரு வாரத்துக்கும் சேர்த்து அரைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது, விருந்தினர் வரும் நாளில் முன்கூட்டியே செய்தி அனுப்புவது ஆகியவை கையில் இருக்கும் வழிகள். அதுபோலவே நீங்கள் எதைக் கேட்கப் போகிறீர்கள் என்பதும் தெளிவாக இருக்கட்டும். புகார் கொடுப்பதற்குப் பதில் அவர் முதலில் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. எதிர்த்த வீட்டாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் உங்களுக்கு ஆதரவாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகாதீர்கள். முடிவு செய்யும் நடுவர் யாரும் அங்கே இல்லாதபோது, அந்தத் தாள் அந்த முதியவரைத் தனிமைப்படுத்துவதற்கு மட்டுமே பயன்படும். தனியாக இருப்பதாக உணர்பவர் எதற்கும் இணங்க மாட்டார்.

கேள்வி: நான் சமரசத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். எதிர்த்தரப்பு வர மறுத்துவிட்டால் தயாரித்ததெல்லாம் வீண்தானே?

பதில்: சமூக சமரச நிலையத்துக்கு வருவது அவரவர் விருப்பம் என்பதால் இந்த ஏமாற்றம் பலருக்கும் நேர்கிறது. பேச்சுக்கு வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் உடன்பாட்டோடு எழுந்து போகிறார்கள், வரவழைப்பதுதான் கடினம். இதை மனத்தில் வைத்துத்தான் 2024 நவம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அண்டைவீட்டார் பூசலில் கட்டாயச் சமரசத்துக்கு ஆணையிட அதிகாரிகளுக்கு வழி செய்தது. கடுமையான இரைச்சலையும் பொருள் குவிப்பையும் கையாளும் அரசுப் பிரிவு 2025இல் முன்னோடித் திட்டமாகத் தெம்பனீசில் தொடங்கியது. உங்கள் தயாரிப்பு வீணாகாது. நாள்வாரியான குறிப்பும், சமரசத்துக்கு முயன்றீர்கள் என்ற பதிவும், பின்னால் நடுவர் மன்றத்துக்குப் போக நேர்ந்தால் அப்படியே உதவும். ஒன்று மட்டும் சொல்வேன்: நிலையத்தின் கடிதம் போய்ச் சேருவதற்கு முன்பே நீங்களே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். "உங்கள் மேல் வழக்குப் போடவில்லை, பேசத்தான் கேட்கிறேன்" என்று பக்கத்து வீட்டிலிருந்து வரும் கையெழுத்துக்கு, அரசாங்க உறையில் வரும் கடிதத்துக்கு இல்லாத வலிமை உண்டு.

கேள்வி: நான் தோ பாயோவில் வசிக்கும் ஓய்வுபெற்றவன். 2022இல் என் மனைவியின் தம்பி உணவு வியாபாரம் தொடங்குவதற்காக 18,000 வெள்ளி கொடுத்தேன். 3,000 வெள்ளி திரும்பி வந்தது. வியாபாரம் படுத்துவிட்டது, இப்போது என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார். பத்திரம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்கிறார் நண்பர். மனைவியோ பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லி அழுகிறாள். பேசுவதென்றால் எதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது?

பதில்: ஐயா, நண்பர் சொன்ன வழி உங்களுக்குத் திறக்காது. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும் வழக்குகளை எடுத்துக்கொள்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது பொருள் விற்பனை, சேவை, சொத்துச் சேதம், இரண்டாண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகை போன்றவற்றுக்கு உரியது. கைமாற்றாகக் கொடுத்த கடன் அதில் அடங்காது. வழக்குத் தொடுப்பதென்றால் 60,000 வெள்ளி வரையிலான வழக்குகளைப் பார்க்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்குப் பொதுவாக 6 ஆண்டுக் காலவரம்பு இருக்கிறது. சமரசம் பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் காலம் நின்றுவிடாது என்பதை மனத்தில் வையுங்கள். சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு ஒரு மாலை போய், உங்களுடைய காலவரம்பு எந்த நாளில் முடிகிறது என்பதைப் பேச்சுக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். அது தெரிந்திருந்தால் பதற்றமில்லாமல் உட்கார முடியும்.

பத்திரம் இல்லை என்கிறீர்கள். தடயமே இல்லை என்று ஆகாது. எந்த நாளில் எவ்வளவு பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போனது, எந்த நாளில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதை ஒரே பக்கத்தில் நாள்வரிசையாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் "அத்தான், அடுத்த மாசம் கண்டிப்பா தந்துடுறேன்" என்று அவர் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை நாளும் நேரமும் தெரியும்படி அச்சிட்டுக்கொள்ளுங்கள். கோபத்தில் ஒருவரையொருவர் ஏசிக்கொண்ட பக்கங்களை அச்சிட வேண்டாம். அவை எதையும் நிரூபிப்பதில்லை. மேசையில் வைத்த உடனே பேச்சு பணத்திலிருந்து மானத்துக்குத் தாவிவிடும்.

அடுத்து, அவருடைய நிலைமையிலிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பலரும் செய்யாமல் விடுவது இதைத்தான். மீதி 15,000 வெள்ளி. வியாபாரம் படுத்த ஒருவரால் மாதம் 500 வெள்ளி தர முடிந்தால் அது தீர 30 மாதம் ஆகும். அந்த 30 மாதத்தை உங்களால் ஏற்க முடியுமா? முடியாதென்றால், மொத்தமாக ஒரு தொகை இப்போதே கிடைக்கிறது என்றால் எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் விடையை வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். அந்த அறையில் கொதிப்பிலும் சரி, இரக்கத்திலும் சரி, திடீரென்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு வருந்தாமல் இருக்க அந்தத் தாள் உதவும். உடன்பாடு ஏற்பட்டால் "முடிந்தபோது தருவார்" என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு, ஒரு தவணை தவறினால் எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது வரை எழுத்தில் இருக்கட்டும். 2017ஆம் ஆண்டுச் சமரசச் சட்டத்தின்படி, தகுதிபெற்ற மத்தியஸ்தர் நடத்திய பேச்சில் கையெழுத்தான உடன்பாட்டை, இரு தரப்பும் இசைந்தால், நீதிமன்ற ஆணையாகப் பதிவு செய்யவும் முடியும்.

உங்கள் மனைவியைத் தூது அனுப்பாதீர்கள் ஐயா. அவர் உங்களுக்கு மனைவி, உங்கள் மைத்துனருக்கு அக்கா. யார் பக்கம் பேசினாலும் மற்றொருவரை இழப்பார். பேச்சு நடக்கும் நாளை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, தொகையைப் பற்றிய பேரத்தை நீங்களே நடத்துங்கள்.

கேள்வி: அக்கா, நான் பிடோக்கில் 78 வயது அம்மாவோடு இருக்கிறேன். திருமணம் ஆகவில்லை. அம்மாவுக்கு முழங்கால் முடியாமல் போனதிலிருந்து முழுநேர வேலையை விட்டுப் பகுதிநேர வேலைக்கு மாறிவிட்டேன். இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள். நினைத்தபோது 200 வெள்ளி அனுப்புவார்கள். குடும்பச் சேவை நிலையத்தின் சமூக ஊழியர், மூவரும் ஒரு மத்தியஸ்தர் முன்னிலையில் பேசலாம் என்று ஏற்பாடு செய்கிறார். ஆறு ஆண்டுகளாக எல்லா ரசீதையும் கோப்பில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தாலாவது அவர்களுக்கு வெட்கம் வரும். வேறென்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: தங்கைக்கு, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் பழைய கோப்பு நினைவுக்கு வந்தது. என் தந்தை மறைந்த பிறகு எனக்கும் என் தம்பிக்கும் இடையே மருத்துவச் செலவு பற்றிப் பூசல் ஏற்பட்டது. 11,400 வெள்ளிக்கான ரசீதுகளை ஆண்டுவாரியாக வண்ணத் தாள் ஒட்டிப் பிரித்து, கனமான கோப்பாகத் தூக்கிக்கொண்டு பேச்சுக்குப் போனேன். மத்தியஸ்தர் கோப்பைத் திறக்கவில்லை. "இந்தப் பணம் முழுவதும் இப்போது கிடைத்துவிட்டால், நாளைக் காலையில் உங்கள் மனம் ஆறிவிடுமா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நெடுநேரம் கழித்து என் வாயிலிருந்து வந்தது பணத்தைப் பற்றிய பேச்சே அன்று. நாளிதழில் வந்த மரண அறிவித்தலில் என் தம்பி, அவன் மனைவி, பேரப்பிள்ளைகள், அவர்கள் வேலை செய்த நிறுவனங்கள் எல்லாம் இருந்தன. கடைசி மூன்று ஆண்டு அப்பாவைக் குளிப்பாட்டி விட்ட என் பெயர் விடுபட்டிருந்தது. அவசரத்தில் நேர்ந்த பிழை என்று அன்றுதான் அவன் சொன்னான். அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று அதுவரை நம்பியிருந்தேன். நான் கேட்டதில் பாதிப் பணத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டேன், அதில் எனக்கு இன்றுவரை குறையில்லை. கோப்பைத் தயாரிக்கச் செலவிட்ட இரவுகளில் ஒன்றையாவது, எனக்கு உண்மையில் வலிப்பது எது என்று யோசிப்பதற்குச் செலவிட்டிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்: அண்ணன்மார் வெட்கப்பட வேண்டுமா, அல்லது அடுத்த மாதத்திலிருந்து உங்கள் வாழ்க்கை மாற வேண்டுமா? இரண்டும் ஒரே அறையில் ஒன்றாகக் கிடைப்பது அரிது. வெட்கப்பட்டவர் பெரும்பாலும் தற்காப்பில் இறங்குவார், இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார். ஆறு ஆண்டுக் கோப்பை வீட்டில் வையுங்கள். அதிலிருந்து அண்மைய மூன்று மாதச் செலவை மட்டும் ஒரு தாளில் சுருக்கி எழுதி, மூன்று படிகள் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து, பலதுறை மருந்தகக் கட்டணம், டாக்சி, உணவு, மின்கட்டணம் என்று பிரித்திருந்தால் போதும். இரண்டாவது தாளில் பணம் இல்லாத கணக்கை எழுதுங்கள். காலையில் அம்மாவை எழுப்பிக் கழிவறைக்கு அழைத்துச் செல்வது எத்தனை மணிக்கு, மருந்து எத்தனை வேளை, மாதத்தில் எத்தனை அரைநாள் மருத்துவரிடம் போய் வருகிறீர்கள், நீங்கள் கடைசியாக ஒரு முழு நாள் வெளியே போய் வந்தது எப்போது என்பதெல்லாம் அதில் வரட்டும். தனி வீட்டில் இருக்கும் அண்ணன்மாருக்கு முதல் தாளில் இருப்பது ஓரளவு தெரியும். இரண்டாவது தாளில் இருப்பது தெரியவே தெரியாது.

அம்மாவிடம் பேசினீர்களா? கடிதம் முழுவதும் அவரைப் பற்றியது, ஆனால் அவருடைய விருப்பம் என்ன என்று ஒரு வரிகூட இல்லை. மூத்த மகன் வீட்டில் மாதம் ஒரு வாரம் தங்க அவருக்கு விருப்பமா, பணிப்பெண் வைத்துக்கொள்வதற்குச் சம்மதமா, பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குப் போவாரா என்பதை முன்பே கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு அவர் வர வேண்டுமா என்பதையும் அவரே சொல்லட்டும்; பிள்ளைகள் மூவரும் தன்னைச் செலவாகக் கூட்டிக் கழிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார எல்லாத் தாய்மாராலும் முடியாது.

அண்ணன்மாரிடம் மாதம் எவ்வளவு கேட்கப் போகிறீர்கள் என்ற எண்ணோடு போங்கள். "ஏதாவது கூடக் கொடுங்கள்" என்றால் ஏதோ ஒன்றுதான் கிடைக்கும். பணம் தர முடியாத அண்ணன் நேரம் தரலாம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் இரவு வரை அவர் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வது, ஆண்டுக்கு ஒரு முறை பத்து நாள் நீங்கள் ஓய்வெடுப்பது போன்றவற்றைத் தேதியோடு கேளுங்கள். அண்ணிமாரைத் தவிர்க்க நினைக்காதீர்கள். அம்மாவை வீட்டுக்கு அழைத்துச் செல்வது என்ற முடிவை அவர்கள் இல்லாமல் எடுத்தால் அது ஒரு வாரம்கூட நிற்காது. அவர்கள் நேரில் வர முடியாவிட்டாலும், அன்று தொலைபேசியில் கிடைக்கும்படி ஏற்பாடு செய்யச் சமூக ஊழியரிடம் சொல்லிவையுங்கள்.

பேச்சு முறிந்தால் என்ன என்ற பயம் வேண்டாம். 1995ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி, 60 வயது நிறைந்த, தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். முதலில் பெற்றோர் பராமரிப்பு ஆணையர் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்; அங்கும் இணக்கம் ஏற்படாதபோதுதான் பெற்றோர் பராமரிப்பு நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும். ஆனால் அது அம்மாவின் இனி வரும் செலவுக்காக அம்மாவுக்கு இருக்கும் உரிமை. நீங்கள் ஆறு ஆண்டு செலவழித்ததைத் திரும்ப வாங்கித் தரும் சட்டம் அன்று. பழைய செலவைப் பற்றிப் பேச உங்களுக்கு இருக்கும் நல்ல இடம் இந்தச் சமரச மேசைதான் என்பதால், அதை எந்த நேரத்தில் எடுப்பது என்று யோசித்துக்கொண்டு போங்கள். அடுத்த மாத ஏற்பாடு முடிவான பிறகு, மனம் சற்று இளகியிருக்கும் நேரத்தில் எடுங்கள் என்பது என் கருத்து.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. எதிர்த்தரப்பு சீனர். என் மகனை மொழிபெயர்க்க அழைத்துப் போகலாமா?

பதில்: சமூக சமரச நிலையத்தில் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் பேச்சு நடத்த ஏற்பாடு உண்டு. தமிழ் தெரிந்த மத்தியஸ்தர் வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மகன் உடன் வரலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள். வரலாம் என்றாலும் அவரை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். தந்தையை யாராவது குறை சொன்னால் எந்த மகனும் அதை உள்ளபடி மொழிபெயர்க்க மாட்டார், உங்கள் சொல்லில் இருக்கும் இளக்கமும் அவர் கோபத்தில் காணாமல் போகும். நீங்கள் முதலில் சொல்ல நினைப்பதைத் தமிழில் ஐந்தாறு வரியில் எழுதி, முந்தைய நாள் இரவு இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உடன்பாட்டுத் தாள் ஆங்கிலத்தில் இருந்தால், ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள். அதற்கு நேரம் கேட்பது உங்கள் உரிமை.